கையும் யந்திரமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் பேசப் புகுந்த விஷயம், நம் பட்டறைகளிலும், நம் இளைஞர் வேலைக்குச் செல்லும் தொழிற்சாலைகளிலும், யந்திரத்தினால் கைக்கும் விரலுக்கும் நேரும் சேதத்தைப் பற்றியதாகும். கல்வி, விவாகச் செலவு, ஐக்கியம் முதலியன நம் மேடையில் அடிக்கடி பேசப்பட்டு வருவன, அவை வேண்டுவனவே. ஆயினும் கையினால் உண்டு, கையினாலேயே பேரெடுத்த ஒரு சமூகம், அந்தக் கையின் க்ஷேமத்தைப் பற்றியும் கூடி ஆலோசித்தல் கடமையன்றோ?

கையின் பெருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் பாஷையே அதற்குச் சாட்சி. தொழிலைக் கைத்தொழில் என்கிறோம். உதவுதலைக் கைகொடுத்தல் என்கிறோம். துறத்தலைக் கைவிடுதல் என்கிறோம். தேர்ந்தவனைக் கைதேர்ந்தவன் என்றும், ஒன்றுக்கும் உதவாதவனைக் கையாலாகாதவன் என்றும் சொல்லுகிறோம். ஒரு கையில் 27 எலும்புகள் அமைந்துள்ளன. அவற்றுள் கட்டைவிரலுக்கு உரியவை மிகச் சிலவேயாயினும், கையின் வேலையில் ஏறக்குறையப் பாதி அவ்விரலைச் சார்ந்ததென்று வைத்தியர் கூறுவர். மற்ற நான்கு விரல்களையும் எதிர்நின்று சந்திப்பது அஃதொன்றே. துரோணர் ஏகலைவனிடம் குருதக்ஷிணையாக வேறெதனையும் கேளாது வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டதன் கருத்தும் இதுவே. அவ்விரல் போயின் வித்தை போயிற்று என்பதை அக்காலத்தவரும் அறிந்திருந்தனர். ஏகலைவனாவது கேட்டவருக்குத் தானே கொடுத்தான். இக்காலத்துப் பட்டறைகளில் ஒருவரும் கேளாமலே, ஒரு தகட்டுத் துண்டின்பொருட்டு, அவ்விரல் போய்விடுகின்றது.

உளியும் சுத்தியலும் கொண்டு வேலை செய்த காலத்திலும் காயங்கள் உண்டு. ஆனால் உளி கையின் வேகத்துக்கு மேல் ஓடாது. சுத்தியல் கை ஓங்கியபோதுதான் ஓங்கும். கை நின்றால் கருவியும் நிற்கும். யந்திரத்தின் இயல்பு அப்படிப்பட்டதன்று. அதன் சக்தி வேறிடத்திலிருந்து வருகின்றது. அதன் வேகத்தை அது தானே வைத்திருக்கின்றது. எதிரே இருப்பது தகடா விரலா என்று அதற்குத் தெரியாது. ஆகவே, கருவியிடத்தில் கைக்குக் காவலாயிருந்த கைப்பழக்கமானது யந்திரத்தினிடத்தில் போதிய காவலாகாது. இந்த ஒரு பேதத்தை உணராமையே பல துன்பங்களுக்கு மூலம்.

இதனை மேல்நாட்டார் முற்பட உணர்ந்தனர். அதுவும் பலருடைய கைகால்கள் போனபின்னரே. பருத்தி ஆலைகள் பெருகிய இங்கிலாந்தில், யந்திரத்தின் சுழலும் பாகங்களுக்கு வேலியிட வேண்டுமென்று 1844-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நம் நாட்டில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் பிறந்தது. அது யந்திர சக்தியுடன் 100 ஆட்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளையே தழுவியது. கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை 1888-இல் தோன்றிற்று. பின்னர் 1930-களில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் சமவெளிக்கு இறங்கவே, ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு உறுப்புச் செய்யும் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் பெருகின. பம்புசெட்டும் மோட்டாரும் செய்யும் தொழில் வளர்ந்தது. நம்மவர் பலர் துருத்தியை விட்டு லேத்தின் முன் நின்றது இக்காலத்தேதான். சுதந்தரம் பெற்றபின் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அபாயமான ஒவ்வொரு யந்திர பாகத்துக்கும் உறுதியான வேலி வேண்டுமென்றும், யந்திரம் ஓடும்போது அவ்வேலி தன் இடத்திலேயே இருத்தல் வேண்டுமென்றும் 21-ஆம் பிரிவில் ஐயமற விதித்தது.

இனி, விரல் போகும் வகையைச் சிறிது விவரிப்போம். வகை தெரிந்தாலன்றிக் காவல் தெரியாது.

யந்திரங்களுள் விரலுக்கு மிகக் கொடியது பவர் பிரஸ் என்பதாகும். தகட்டை வெட்டவும், வளைக்கவும், துளையிடவும் அது வேண்டியிருக்கின்றது. ஃப்ளைவீல் எனப்படும் கனத்த சக்கரம் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். பெடலை மிதித்தவுடன், தண்டிலுள்ள ஒரு சாவி விழுந்து சக்கரத்தையும் தண்டையும் பூட்டிவிடும். மேலிருக்கும் ரேம் கீழிறங்கி, டையின்மீது மோதி, மறுபடி மேலேறும். சிறு பட்டறைகளில் உள்ள பழைய பிரஸ்களிற் பல இந்தச் சாவி கிளட்ச் உடையனவே. இதன் குணம் யாதெனில், ஒரு முறை பூட்டிக்கொண்டால் ஒரு சுற்று முடியும்வரை அதனை இடையில் நிறுத்த இயலாது. 'ஐயோ' என்று கூவினும் நில்லாது. ஸ்விட்சை அணைத்தாலும் நில்லாது. சக்தி மின்கம்பியில் இல்லை, சுழலும் சக்கரத்தில் இருக்கின்றது.

இன்னும் ஒரு கொடுமை உண்டு. சாவி தேய்ந்தாலும், அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலும் முறிந்தாலும், ஒரு முறை மிதித்ததற்கு ரேம் இரு முறை இறங்கும். முதல் அடி விழுந்தபின், முடிந்த துண்டை எடுக்கத் தொழிலாளி கையை உள்ளே நீட்டுகிறான். அந்தக் கணத்தில் மிதியாத இரண்டாவது அடி விழுகின்றது. இதில் அவன் செய்த பிழை யாது? மேலும் பெடல்மீது ஏதேனும் தவறி விழுந்தாலும், கால் அறியாமற் பட்டாலும் ரேம் இறங்கும். பெடலுக்கு மேல் ஒரு தகட்டு மூடி வளைத்துப் பொருத்தினால் இவ்வபாயம் பெரும்பாலும் தீர்ந்தது. அதன் செலவு மிகச் சிறிது. போகும் விரலின் விலையோ அளவிடற்கரியது.

மற்றைய யந்திரங்களையும் குறிப்போம். இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும் இடம், பெல்ட்டு புல்லியைத் தொடும் இடம், பல்சக்கரங்கள் கோக்கும் இடம் ஆகியவை கையை உள்ளே இழுக்கும் வாய்களாம். கரும்பாலையின் உருளை விரலைப் பற்றினால் முழங்கைவரை விடாது. லேத்திலும் டிரில்லிலும் சட்டையின் தொங்கும் கை, கழுத்துத் துண்டு, சேலைத் தலைப்பு, பின்னல், கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவை சுற்றிக்கொள்ளும். கையுறை எங்கும் நலமென்று எண்ணுவோர் உளர், அஃது அவ்வாறன்று. கூரிய தகட்டைத் தூக்குகையில் கையுறை வேண்டும். சுழலும் டிரில்லின் முன்னும் லேத்தின் முன்னும் கையுறை ஆகாது. அதன் ஒரு நூலிழை சிக்கினாலும் கை முழுவதும் சுற்றப்பட்டுவிடும். சாணைக் கல்லுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே உள்ள சந்து ஒரு நூலுக்கு, அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு மேற்படின், தீட்டும் உறுப்பும் விரலும் சேர்ந்து உள்ளே போம். டிரில்லின் கீழ்வைக்கும் உறுப்பைக் கையாற் பிடியாமல் வைஸில் இறுக்க வேண்டும். சுழலும் யந்திரத்தைத் துடைப்பதும் எண்ணெயிடுவதும் கூடாது. நின்றபின் துடைத்தால் யந்திரமும் சுத்தமாகும், கையும் மிஞ்சும்.

இங்கே சிலர் ஓர் ஆக்ஷேபம் கூறுவர்: "இவையெல்லாம் விதி, அல்லது அவனுடைய அஜாக்கிரதை. கவனமாயிருப்பவனுக்கு ஒன்றும் நேராது" என்பர். இதனை நிதானமாக ஆராய வேண்டும். பிரஸ்ஸின் முன் அமர்ந்தவன் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை கையை உள்ளே நீட்டி வெளியே எடுக்கிறான். இரவுமுறை வேலை, உறக்கம் குறைவு, துண்டுக்கு இத்தனை காசு என்று கூலி. ஆயிரம் தடவை கவனமாயிருந்த மனிதன் ஆயிரத்தொன்றாவது தடவை ஒரு கணம் தவறுவது மனித சுபாவம். கடவுள் நமக்கு இமையைக் கொடுத்தது கண் எப்போதும் கவனமாயிராது என்பது கருதியன்றோ? யந்திரத்துக்கு இடும் காப்பும் கைக்கு இமை போன்றதே. தவறுவது மனித இயல்பென்றால், தவறினாலும் விரல் போகாதபடி யந்திரத்தை அமைப்பது அறிவுடையோர் கடமை. விதி என்பது காப்பிட்டபின் சொல்லத்தக்க சொல். அதற்குமுன் சொல்லின் அஃது உடையவனின் சோம்பலுக்கு இட்ட மறுபெயரேயாகும்.

காப்பு எவ்வாறு அமைய வேண்டும்? தகடு மாத்திரம் நுழையவும் விரல் நுழையாமலும் சந்துவிட்டு, டையைச் சுற்றிப் பொருத்தும் நிலைக் கூடு எல்லாவற்றினும் சிறந்தது. நம் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். கை நுழைந்துதான் ஆகவேண்டுமெனின், கைக்குப் பதிலாக இடுக்கியையோ காந்தக் கோலையோ நுழைப்பது நலம். இரண்டு பொத்தானையும் இரண்டு கையாலும் ஒருங்கே அழுத்தினாலன்றி ரேம் இறங்காத ஏற்பாடும், கை குறுக்கிட்டவுடன் நிறுத்தும் ஒளித்திரை சென்சாரும் இக்காலத்தில் கிடைக்கின்றன. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும்: இடையில் நிறுத்த இயலாத சாவி கிளட்ச் பிரஸ்ஸுக்கு ஒளித்திரை மாட்டுவது, கடிவாளமில்லாத குதிரையின்மேல் ஏறி 'நில்' என்று கட்டளையிடுவது போலாகும். அதற்கு நிலைக் கூடே தக்கது. உராய்வு கிளட்ச் உள்ள பிரஸ்ஸுக்கே ஒளித்திரை பயன்படும். விற்பவன் சொல்லை மாத்திரம் நம்பி வாங்கி ஏமாறலாகாது.

காப்பு இல்லாத பட்டறை ஒருபுறமிருக்க, காப்பை வாங்கிக் கழற்றி மூலையில் வைத்த பட்டறைகளும் உள. ஏனெனில் காப்புடன் செய்தால் துண்டுகளின் எண்ணிக்கை சிறிது குறையும். கூலி துண்டுக் கணக்கில் இருப்பதால் தொழிலாளியே கழற்றுகிறான். முதலாளி கண்டும் காணாதிருக்கிறார். பெரிய மோட்டார் கம்பெனிகளுக்கு உறுப்புச் செய்து அனுப்பும் சிறு பட்டறைகள் குறித்த நாளைத் தவறவிட்டால் ஆர்டர் போய்விடுமென்னும் பயமும் அதற்குத் துணை. இது நம் ஊர்க்குறை மாத்திரமன்று. ஹரியானாவின் குருகிராமம், ஃபரீதாபாத் பகுதிகளில் மோட்டார் உறுப்புச் செய்யும் இடங்களில் விரலிழந்தோரைப் பற்றி 2019 முதல் வெளிவரும் அறிக்கைகளிலும் பவர் பிரஸ்ஸே முதற்குற்றவாளியாக நிற்கின்றது. வடக்கேயிருந்து நம் ஊருக்கு வந்து பிழைக்கும் பிள்ளைகளும் அதே பிரஸ்ஸின் முன்தான் அமர்கின்றனர். அவர்கள் விரலும் விரலே என்பதை நாம் மறத்தல் தகாது.

இப்பொழுது, இச்சபையில் சொல்லுதற்குச் சிறிது கசப்பான ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். நம் சங்கத்தில் பட்டறை உடையோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை செய்வோரும் இருக்கிறார்கள். இருவரும் ஒரே பந்தியில் உண்பவர். பலர் மாமன் மைத்துனர். விரல் போன அன்று என்ன நடக்கின்றது? ஆஸ்பத்திரிச் செலவை உடையவர் கொடுக்கிறார்; அது நன்றே. பின்னர்ப் பெரியவர்கள் இருவர் வந்து, "நம்மவன்தானே, கோர்ட்டு கச்சேரி என்று போகலாமா? ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொள். வேலையும் உனக்கு உண்டு" என்கிறார்கள். காயம்பட்டவன் உறவுக்கு அஞ்சித் தலையசைக்கிறான். தொகை சில மாதத்தில் தீர்கின்றது. விரலில்லாதவனுக்கு வேலை குறைகின்றது, பின்னர் இல்லையாகின்றது. பெண் கேட்டுச் சென்ற இடத்தில் கையைப் பார்க்கிறார்கள். 'நம்மவன்' என்னும் இனிய சொல், உதவுவதற்குப் பிறந்திருக்க, உரிமையை மூடும் துணியாக ஆகிவிடுகின்றது. உறவு பெரிதென்றால், அந்நியன் கொடுக்கவேண்டியதைவிட உறவினன் கூடக் கொடுக்கவேண்டுமேயன்றிக் குறையக் கொடுத்தல் எவ்வாறு நியாயமாகும்?

சட்டம் வகுத்த கணக்கை எல்லோரும் அறிந்திருத்தல் நலம். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-இல் ஏற்பட்டது. அதன் அட்டவணை, ஒரு கையை இழந்தவனுக்குச் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 60 பங்கு நஷ்டமென்றும், கட்டைவிரல் முழுவதற்கும் 30 என்றும், ஆள்காட்டி விரலுக்கு 14 என்றும், நடுவிரலுக்கு 12 என்றும், மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7 என்றும் வகுத்தது. மாதம் ரூ. 15,000 ஊதியம் பெறும் 25 வயது இளைஞன் கட்டைவிரலை இழந்தானாயின், அச்சட்டத்தின் கணக்கு இது: ஊதியத்தில் நூற்றுக்கு 60 பங்கு ரூ. 9,000. அதனை அவ்வயதுக்குரிய 216.91 என்னும் எண்ணால் பெருக்கினால் ரூ. 19,52,190. அதில் நூற்றுக்கு 30 பங்கு ரூ. 5,85,657. பந்தியிலே பேசி முடிக்கும் தொகையை இதனோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அச்சட்டத்தில் கவனக்குறைவு என்பது உடையவருக்குச் சாக்காக வைக்கப்படவில்லை. குடித்திருந்தாலும், பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறினாலும், காப்பை வேண்டுமென்றே கழற்றினாலுமே அவர் தப்பலாம். அதுவும் மரணமோ முழு ஊனமோ நேர்ந்தவிடத்துச் செல்லாது. தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம் 1948-இல் பிறந்தது. அதில் ஆளைச் சேர்த்துச் சந்தாவை ஒழுங்காகக் கட்டும் உடையவருக்கு நஷ்டஈட்டுப் பாரம் நீங்குகின்றது. நிரந்தர ஊனமுற்றவனுக்குத் தொகையும் வைத்தியமும் அங்கிருந்தே கிடைக்கின்றன. ஆளைச் சேர்க்காது மறைப்பவர் சில ரூபாயை மிச்சம் பிடித்து, ஒரு நாளில் பட்டறையையே இழக்கத்தக்க கடனை வளர்க்கிறார் என்று அறிக.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் யந்திர சக்தியுள்ள இடத்தில் 10 ஆட்கள் இருந்தாலே செல்லுபடியாயிற்று. 2020-இல் பாராளுமன்றம் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பு, தொழிற்சாலை என்பதன் எல்லையை 20 ஆட்களாக உயர்த்திற்று. நம்மவர் பட்டறைகளிற் பல எட்டு, பத்து, பதினைந்து பேர் உள்ளவை. சர்க்காரின் கண் எட்டாத இடத்தில் சங்கத்தின் கண் எட்டவேண்டுவது இதனாலேதான். சட்டம் விலகினும் டையின் வாய் சிறுத்துவிடவில்லை.

ஒருகால் ஆபத்து நேர்ந்துவிட்டால் செய்யவேண்டுவதையும் இங்குள்ள தாய்மாரும் கேட்டுக்கொள்ளட்டும். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். மஞ்சள், காப்பிப்பொடி, சுண்ணாம்பு முதலியவற்றை அப்பலாகாது. அறுந்த விரலை எறிந்துவிடாமல், ஈரமான சுத்தத் துணியிற் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியுள்ள நீரில் வைத்து உடன் கொண்டுசெல்ல வேண்டும். விரல் நேரே பனிக்கட்டியில் படக்கூடாது. நீரில் ஊறவும் கூடாது. ஜப்பான் தேசத்தில் 1965-ஆம் ஆண்டிலேயே முற்றும் அறுந்த கட்டைவிரலை நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தைத்து மீண்டும் பொருத்தினர். இன்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கெனவே தனித்துறை உண்டு. கோயம்புத்தூரிலும் அவ்வித வைத்தியம் நடைபெறுகின்றது. காலம் கடந்தால் வைத்தியன் கையிலும் ஒன்றுமில்லை. நசுங்கிய விரலை ஒட்டுவது அறுந்த விரலை ஒட்டுவதினும் அரிது. பிரஸ் பெரும்பாலும் நசுக்குவதேயாம். ஆதலால் வருமுன் காத்தலே வழி.

முடிவாக, சங்கத்தார் முன் நாம் வைக்கும் வேண்டுகோள்கள் ஐந்து. முதலாவது, காப்பில்லாத பிரஸ்ஸில் ஓர் அடியும் அடிப்பதில்லை என்று பட்டறை உடைய ஒவ்வொரு அங்கத்தினரும் உறுதி செய்துகொள்ளல். இரண்டாவது, காப்புடன் செய்யும் எண்ணிக்கையையே அளவாகக் கொண்டு துண்டுக் கூலியை நிர்ணயித்தல். காப்பைக் கழற்றினால் லாபம் என்னும் நிலைமை இருக்குமளவும் உபதேசம் பயன்படாது. மூன்றாவது, 18 வயது நிரம்பாத எந்தப் பிள்ளையையும் பிரஸ்ஸின் முன் அமர்த்தாமை. நான்காவது, சிறு காயத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் யந்திரத்தின் பெயருடன் எழுதிவைத்தல். ஒரே யந்திரத்தின் பெயர் மும்முறை வந்தால் குற்றம் எங்குள்ளதென்று விளங்கும். ஐந்தாவது, விரலிழந்தவன் வீட்டுக்குச் சங்கத்தார் செல்லுவது சமாதானம் பேசுவதற்காக அன்று, அவனுக்கு உரிய மனுவை எழுதிக்கொடுத்து உரிய ஆபீசுக்கு உடன் செல்வதற்காக என்று தீர்மானித்தல்.

ஆயுத பூஜையன்று நாம் யந்திரங்களைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, பூசணிக்காய் உடைக்கிறோம். நல்ல வழக்கமே. இவ்வாண்டு முதல் அதற்கு முந்திய நாள், நம் மூத்த மேஸ்திரிகள் இருவர் மூவர் சேர்ந்து பட்டறைதோறும் சென்று, ஒவ்வொரு பிரஸ்ஸின் சாவியையும் ஸ்பிரிங்கையும் பெடல் மூடியையும் காப்பையும் சோதித்துச் சொல்லட்டும். குறையுள்ள யந்திரம் அது தீரும்வரை நிற்கட்டும். காப்பிட்ட யந்திரத்துக்கே மாலை என்று நம் சமூகத்தில் ஒரு கட்டுப்பாடு பிறக்குமாயின், அஃது எந்தச் சட்டத்தினும் வலியதாகும். பந்தியில் உட்காரும் ஒவ்வொரு இளைஞனும் பத்து விரலோடு உட்காரும் நாளே நம் சமூகத்துக்கு நன்னாள். அந்நாளை நம் கையாலேயே வருவித்துக்கொள்வோமாக.



சுபம்.